பெரியப்பா சாப்பிட்ட பிறகு

காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்ற பெனினா, பாட்டு முடிவதற்குள் கண் சொருகி விழுந்தாள். விழுந்த இடத்தில் சிமெண்டுப் படி. மோவாய் பிளந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

தீவின் தலைநகரான ஆப்பியாவில் பெரிய கடை ஒன்றின் ரொட்டி அடுப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மாரேதாவுக்குப் போன் வந்தது. அவள் மாவு அப்பிய ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்தாள். பள்ளிக்கு வாராவாரம் வரும் நர்ஸ் அன்று அங்கேதான் இருந்தாள். மோவாயில் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டு, பெனினாவின் கீழ் இமையை இழுத்துக் காட்டினாள்.

"பாருங்க, வெள்ளையா இருக்கு. இந்தப் பிள்ளை உடம்புல ரத்தமே இல்லம்மா. மீன் குடுங்க, கீரை குடுங்க, முட்டை குடுங்கன்னு போன டெர்ம்லயே சொன்னேனா இல்லியா?"

"தினமும் குடுக்கிறேன்" என்றாள் மாரேதா. அவள் குரலில் ரோஷம் இருந்தது. "விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு இவளுக்குன்னு தனியா ஆக்கி வெச்சிட்டுத்தான் பஸ் ஏறுறேன்."

நர்ஸ் பெனினாவின் பக்கம் குனிந்தாள். "நேத்து என்ன கண்ணு சாப்பிட்ட?"

"நூடுல்ஸ்."

"அதுக்கு முந்தின நாளு?"

"நூடுல்ஸ்."

"வேகவெச்சா?"

"இல்ல. அப்படியே பாக்கெட்டோட நொறுக்கி, தூளைத் தூவி."

மாரேதாவின் கை தானாகப் போனது. ஒரே அறை. மோவாய்க் கட்டில் புதிதாகச் சிவப்பு ஊறியது. "பொய்யா சொல்ற? பொய்யா சொல்ற நீ? நான் ஆக்கினதை எங்க கொண்டுபோய்க் கொட்டின?"

பெனினா அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். கை ஓங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

மாரேதாவின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. விடியற்காலை இருட்டில் எழுந்து தேங்காய் துருவி, பால் பிழிந்து, மீனை அதில் வேகவைப்பாள். பெலே கீரையை ஆய்ந்து போடுவாள். இரண்டு முட்டை, நாலு துண்டு சேப்பங்கிழங்கு. எல்லாவற்றையும் சின்னச் சட்டியில் மூடிவைத்து, "இது பெனினாவுக்கு" என்று ஓரகத்தி ஃபிலோவிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். கணவன் உயிலி டாக்சி ஓட்டுகிறான். அவன் எப்போது வருவான், எப்போது போவான் என்று அவனுக்கே தெரியாது. மாரேதா வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும். சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும். காலிச் சட்டியைப் பார்த்து, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று பூரித்துப்போவாள் பைத்தியக்காரி. காலிச் சட்டிக்கு யார் தின்றார்கள் என்று சொல்லத் தெரியுமா?

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அவர்கள் வீட்டுக்கு வரும்போது பள்ளிகள் விட்டிருந்தன. நல்ல வெயில். டாக்சியில் கூட்டிவந்த உயிலி இவர்களை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிழலில் நிறுத்தப் போனான்.

சுவரில்லாத பெரிய கூடத்தின் நடுத்தூணில் சாய்ந்து துயாலோ உட்கார்ந்திருந்தார். உயிலியின் அண்ணன், குடும்பத்தின் தலைவர் பட்டம் அவர் தலையில்தான். ஊரில் அவர் பெயர் பெரியது, வயிறு அதைவிடப் பெரியது. அவர் முன்னால் பாய், பாய்மேல் வாழையிலை விரித்த தட்டு. தள்ளி, கூடத்தின் விளிம்பில், வீட்டுப் பிள்ளைகள் சம்மணமிட்டுக் காத்திருந்தார்கள். பெரியவர் சாப்பிட்ட பிறகுதான் சின்னவர்களுக்கு என்பதை அங்கே யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. மூச்சு விடுவதைச் சொல்லித் தருகிறோமா?

பெனினா செருப்பைக் கழற்றினாள். யாரும் கூப்பிடவில்லை. தையல் போட்ட மோவாயோடு நேராகப் போய், தூணில் சொருகியிருந்த தாழை விசிறியை எடுத்துக்கொண்டு, பெரியப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டத் தொடங்கினாள்.

மாரேதா படியில் நின்றபடி தட்டைப் பார்த்தாள். தேங்காய்ப் பாலில் வெந்த மீன். பெலே கீரை. பிளந்து வைத்த முட்டை. விடியற்காலையில் அவள் கையால் ஆக்கியது. மகள் தனக்கென்று ஆக்கிய சோற்றுக்குத் தானே விசிறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் மாரேதா. "இது யாருக்குன்னு சொன்னேன்?"

ஃபிலோ தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றாள். "நீ சொன்ன. வாசனை மூக்கைத் துளைக்குதே, அவரு கேக்கமாட்டாரா? அவருக்கு டின் கறி, புள்ளைக்கு மீனான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"தினமுமா?"

"மிச்சம் இருந்தா குடுப்பேன்டி. தலை இருந்தா தலை குடுப்பேன்."

"மாரேதா" என்றார் துயாலோ, வாயில் மீனோடு. "சாப்பிடறப்ப சத்தம் வேணாம்."

"மாமா, இந்தப் புள்ள இன்னிக்கு மயங்கி விழுந்துட்டா. ரத்தமே இல்லியாம்."

"ஜெபம் பண்ணு. விசிறு புள்ள, ஈ உக்காருது பாரு."

பெனினாவின் கை வேகமாக ஆடியது. காலையில் அந்தக் கன்னத்தில் விட்ட அறை மாரேதாவின் உள்ளங்கையில் இப்போது எரிந்தது. அவள் கூடத்துக்குள் ஏறி, விசிறியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்துப் போட்டாள்.

"எந்திரி பெனினா."

"உக்காரு" என்றார் துயாலோ.

பெனினா பாதி எழுந்தாள், பாதி உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் அடி விழும் என்று கணக்குப் பார்க்கிற கண். அந்தக் கண்ணைப் பார்த்ததும் மாரேதாவுக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த பயமும் போய்விட்டது. குனிந்து தட்டைத் தூக்கினாள்.

துயாலோ அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். அவள் குப்புற விழுந்தாள். முன்பல் உதட்டில் இறங்கியது. மீன் பாயில் சிதறியது. ஃபிலோ பின்னாலிருந்து கொண்டையைப் பற்றி, "பெரியவரு தட்டுலயா கை வைக்கிற, நாசமாப் போறவளே" என்று தலையைத் தரையில் மோதினாள். துயாலோ உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் விலாவில் உதைத்தார். இரண்டாவது உதையில் உள்ளே ஏதோ முறிந்தது. மாரேதா கையை நீட்டித் துழாவினாள். காலையில் தேங்காய் துருவிய மணை எட்டும் தூரத்தில் கிடந்தது. இரும்புப் பல்லோடு அதைத் தூக்கி, பார்க்காமல், கொள்ளாமல் சுழற்றினாள்.

பல் துயாலோவின் முன்கையில் ஏறி, முழங்கைவரை உழுதுகொண்டு போனது. சதை இரண்டாகத் திறந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அப்புறம்தான் ரத்தம் வந்தது. தேங்காய்ப் பால்மேல் சொட்டிச் சிவந்து பரவியது. பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

வண்டியை நிறுத்திவிட்டு வந்த உயிலி, அண்ணன் கையைப் பார்த்தான். பெண்டாட்டி கையிலிருந்த மணையைப் பார்த்தான். என்ன நடந்தது என்று அவனும் கேட்கவில்லை. முஷ்டியால் அவள் முகத்தில் குத்தினான், விழுந்தவளை மறுபடியும் குத்தினான். ஊரே பார்க்கிறது, பட்டக்காரரின் ரத்தம் தரையில் கிடக்கிறது, தம்பி என்ன செய்தான் என்று நாளைக்குக் கேட்பார்களே, அதற்காக அடித்தான். பெனினா நடுவில் விழுந்து, "அப்பா வேணாம், அப்பா வேணாம்" என்று அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவளை உதறிய வேகத்தில் மோவாய்த் தையல் பிரிந்தது.

அந்தி ஜெபத்துக்குச் சங்கு ஊதுவதற்குள் ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். பட்டக்காரரின் ரத்தம் சிந்தியவள் விடிந்ததும் பாய் போர்த்தி அவர் வீட்டு வாசலில் மண்டியிட வேண்டும். அவர் பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்காவிட்டால் அவள் பிறந்த ஊருக்குப் போய்விட வேண்டும். பெனினா அப்பன் வீட்டுப் பிள்ளை, அவள் இங்கேதான் இருப்பாள்.

இங்கே இருந்தால் என்ன தின்பாள் என்று எந்தப் பெரியவரும் கேட்கவில்லை. மாரேதாவுக்கு அது ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கண் மூடிப்போயிருந்தது, மூச்சு இழுத்தால் விலா குத்தியது. விடியும் முன்பு வழக்கம்போல எழுந்தாள். ரத்தக் கறையைக் கழுவிவிட்டு அதே மணையில் தேங்காய் துருவினாள்.

உயிலி அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றான். "இன்னிக்குமா ஆக்குற? கிறுக்கா உனக்கு?"

"அவ சாப்பிடணும்ல."

"அண்ணன் கையில பதினெட்டுத் தையல். நீ வாயை மூடிட்டு மண்டி போடு, போதும். புள்ளையோட இருக்கணும்னா மண்டி போடு."

"போடத்தான் போறேன். நகரு, புகை கண்ணுல ஏறுது."

கிழக்கு வெளுக்கும்போது மாரேதா வாசலில் கூழாங்கல்மேல் மண்டியிட்டாள். மெல்லிழைப் பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டாள், பெனினாவையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். தாயோடு பிள்ளையும் பணிகிறது என்று பார்த்தவர்களுக்கு மனசு இளகியது. ஊர் ஒன்றுவிடாமல் வந்து சாலையோரம் நின்றது. பாய்க்கு உள்ளே இருக்கிறவரைக்கும் யாரும் அவர்களைத் தொடக் கூடாது. எல்லாருக்கும் தெரிந்த அந்த நியாயம் மாரேதாவுக்கும் தெரியும்.

இடுப்புத் துணியிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பாயின் உள்ளே மீன் வாசனை நிறைந்தது.

"வாயைத் தொற."

"பெரியப்பா சாப்பிட்டாரா?" பெனினா கிசுகிசுத்தாள்.

"தெரியாது. நீ மெல்லு."

"விசிற வேணாமா?"

"இங்க ஈ இல்ல. கீரையும் சேத்துத் தின்னு. மெதுவா, தாடை வலிக்கும்."

பெனினா தின்றாள். முதலில் பயந்து பயந்து, பிறகு பயம் மறந்து. மோவாய்ப் புண் இழுத்தபோது முகம் சுளித்தாள், ஆனாலும் நிறுத்தவில்லை. பசித்த பிள்ளை தின்னுகிற சத்தத்தை மாரேதா அவ்வளவு பக்கத்தில் அதுவரை கேட்டதில்லை. முட்டையின் மஞ்சளை விரலால் வழித்து ஊட்டினாள். அவள் அழுதாள். மன்னிப்புக் கேட்டு அழுகிறாள் என்று வெளியே நினைத்துக்கொண்டார்கள். கேட்டாள்தான், ஆனால் அது துயாலோவிடம் இல்லை. "உன்னை அடிச்சேனே, என் தங்கமே" என்றாள் மெதுவாக. வாய் நிறைய மீன் இருந்ததால் பெனினா தலையை மட்டும் ஆட்டினாள்.

வெயில் விழத் தொடங்கிய பிறகுதான் துயாலோ வந்தார். ஒரு கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது, இன்னொரு கையில் பட்டத்துக்கான தடி. மன்னிப்பதாகத்தான் வந்தார். ஊர் மெச்ச மன்னிப்பதில் அவருக்கு ஆசை உண்டு. தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாயின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார்.

உள்ளே பெனினா மென்றுகொண்டிருந்தாள். உதட்டிலெல்லாம் தேங்காய்ப் பால். அவரைப் பார்த்ததும் அவசரமாக விழுங்கினாள். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, மரியாதை தெரியும். இலையில் மீதமிருந்த மீன் தலையை இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன் நீட்டினாள்.

"பெரியப்பா, உங்களுக்கு."

சாலையோரத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ, சொல்ல முடியாது. துயாலோவின் முகம் கறுத்தது. தடி உயர்ந்தது. மாரேதா மகளைக் கீழே அமுக்கி மேலே கவிழ்ந்தாள். தடி அவள் தோளில் இறங்கியது. பூட்டெலும்பு முறிந்த சத்தம் பின்வரிசைவரை கேட்டது. மறுபடி தடி உயர்ந்தபோது உயிலி வந்து அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"விடுடா" என்றார் துயாலோ.

"பாயைத் தூக்கிட்டண்ணே. தூக்கினா முடிஞ்சிச்சு."

"விடுடான்னா."

உயிலி விடவில்லை, முறுக்கினான். முந்தின நாள் பெண்டாட்டியைக் குத்திய அதே கைதான். துயாலோ வலி தாங்காமல் முட்டி மடங்கிக் கூழாங்கல்லில் விழுந்தார். தடி உருண்டு ஓடியது. தம்பியின் முகத்தில் அவர் காறித் துப்பினார். உயிலி அதைத் துடைக்கவும் இல்லை, பிடியைத் தளர்த்தவும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் ஓடிவந்து பிரிக்கும்வரை அப்படியே நின்றான்.

மாரேதா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தபோது சாயங்காலம். தோளில் கட்டு, விலாவில் கட்டு. பக்கத்தில் முகம் தொங்கிப்போன உயிலி உட்கார்ந்திருந்தான். அவனை அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவனிடம் கேட்க ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது.

"பெனினா எங்க?"

"டாக்சியில தூங்குறா. நாம இனிமே அந்த வீட்டுல இல்ல. என் சிநேகிதன் வீட்டுல ஒரு ரூம் சொல்லியிருக்கேன்."

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. அரிசிக் கஞ்சி, மீனு, கீரை. உன்னை மாதிரி எனக்கு ஆக்க வரல, உப்பு ஜாஸ்தி. ஆனா தின்னுட்டா."

"நூடுல்ஸ் குடுக்கலியே?"

"இல்ல."

அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். "ஈ மொய்ச்சிருக்குமே. யாரு விசிறினது?"

உயிலி தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

"நான்தான்" என்றான்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு விசிறியதற்காக மாரேதாவால் அவனை மன்னித்துவிட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, "காலையில முட்டை வாங்கு" என்றாள்.