போர் வண்டிக்காரர்களுக்குப் போட்ட டீ

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்த வருடம் அது வானத்தின் மேல். பொன்னேரிப் பக்கம் இப்போதெல்லாம் மழை என்றால் இரண்டு நாள் கூத்துதான். கொட்டுவதெல்லாம் கடலுக்கு ஓடிவிடும், மிச்ச நாளெல்லாம் வெயில் கொளுத்தும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. நெல் நாற்று கருகிக்கொண்டிருந்தது.

பக்கத்து நிலத்துக் கோபால் ஆழமாகப் போர் போட்டுத் தண்ணீர் பார்த்துவிட்டான். நான் மட்டும் இளிச்சவாயனா? கிணற்றோரம் துளை போட வண்டியை வரவழைத்துவிட்டேன். வேடிக்கை பார்க்கக் கோபாலும் வந்து நின்றான்.

கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, வண்டிக்காரர்களுக்கு டீ கொடுத்த பிறகுதான் எங்கள் ஊரில் துளை போடுவார்கள். என் மனைவி சுமலதா டீ கொண்டுவந்தாள். டம்ளரில் பால் திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது. மானமே போயிற்று.

"இன்னாடி இது, கெட்டுப்போன பாலா?"

"பாலு காலைல கறந்தது. தண்ணிதான், ஒனக்குக் காட்டணும்னே கோபாலு போர்ல புடிச்சாந்தது. வாய்ல ஊத்திப் பாரு மாமா."

குடித்தேன். சே, ஒரே உப்பு! கோபால் தலையைக் குனிந்துகொண்டான்.

"மொதல்ல நல்லாத்தாண்ணா வந்துச்சி. வெக்கப்பட்டுக்கினு சொல்லல."

"எல்லாரும் கீழ இருந்து உறிஞ்சிக்கினே இருந்தா கடலு சும்மாவா இருக்கும்?" என்றாள் சுமலதா. "நம்ம கெணறுதான் இன்னும் நல்ல தண்ணி. அதுல கை வெக்காத."

"நாத்து சாவுதேடி!"

"சாவட்டும். இந்த வெயிலு இந்த வருஷத்தோட போறதில்ல. நம்ம பொண்ணு காலத்துல இன்னும் ஏறும். வர்ற மழையப் புடிச்சி வெப்போம். நெல்ல வுட்டு உளுந்து போடுவோம்."

அழுகை வந்தது. அதை மறைக்க வண்டிக்காரர்களைக் கத்தித் துரத்தினேன்.

நாற்று செத்தது. ஊரே சிரித்தது. அவள் அசரவில்லை. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் ஊற, கிணற்றோரம் குழி வெட்டி ஜல்லி நிரப்பினாள். ஐப்பசியில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியபோது, முழங்கால் சேற்றில் மண்வெட்டியோடு நின்று, நிலத்துத் தண்ணீரையெல்லாம் குழிக்குத் திருப்பினாள். அடேயப்பா, என்ன மனுஷி! நானும் இறங்கி அவள் சொன்ன பக்கமெல்லாம் வெட்டினேன்.

அடுத்த கோடையில் கோபால் குடத்தோடு வந்தான்.

"குடிக்க மட்டும்ணா."

நக்கலாக ஒன்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சுமலதா முறைத்தாள். குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டு, அதே தண்ணீரில் அவனுக்கு டீ போட்டாள். அவன் டம்ளருக்குள் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைத்தான்.

பால் திரியவில்லை.