காற்று இறங்கிய வண்டி

பதினொன்றரை மணிக்கு என் பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டு போலீஸ் இன்ஸ்பெக்டர் என் பஸ்ஸில் ஏறினார். "ஆள் ஏத்தணும். ஸ்டேடியத்துல கொண்டுபோய் விடணும். அவ்வளவுதான்." ஒரு பெரியவர் மட்டும் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டி, கொடுத்த காசுக்கு என் நிறுத்தத்தில்தான் இறங்குவேன் என்று மல்லுக்கு நின்றார். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் இறக்கிவிட்டார்கள். வண்டியும் அரசாங்கத்துடையது, போலீசும் அரசாங்கத்துடையது, நடுவில் நான் எந்த ஊர் ராஜா?

சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகத்துக்கு முன்னால் நர்சுகள் காலையிலிருந்து ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு வருஷமாக ஒப்பந்தத்திலேயே வைத்திருக்கிறார்கள், வேலையை நிரந்தரமாக்குங்கள் என்று கேட்டு. என் அக்காவும் அதில் இருந்தாள். "எங்களத் தாண்டிப் போறப்ப ஹாரன் அடிச்சிட்டுப் போடா" என்று காலையிலேயே போனில் உத்தரவு. முதல் டிரிப்பில் நீளமாக ஒன்று அடித்தேன். அத்தனை பேரும் கை தட்டினார்கள். சின்னப் பிள்ளை மாதிரி எனக்கும் ஒரே குஷி.

இப்போது அதே ரோட்டில் வண்டியை ஓரம்கட்டிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைகோத்து உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு விசில் சத்தம். அவ்வளவுதான், லத்திகள் இறங்கின. ஒருத்திகூட எழுந்து ஓடவில்லை, ஒருத்திகூட ஒரு கல்லை எடுக்கவில்லை. உட்கார்ந்திருக்கிறவர்களை அடிக்க ஒரு மனுஷன் எவ்வளவு குனிய வேண்டியிருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். பாவிகளா, பாவிகளா என்று வாய்விட்டே சொன்னேன். என் பக்கத்தில் நின்ற ஏட்டு, ஐம்பது வயசு இருக்கும், அதைக் கேட்டும் கேட்காதவர் மாதிரி லத்தியோடு இறங்கிப் போனார்.

ஏற்றினார்கள். நாற்பத்தெட்டு சீட்டில் எழுபது பேர். கிழிந்த சட்டை, ஒற்றைச் செருப்பு, வீங்கிய மணிக்கட்டு. அழுவார்கள் என்று நினைத்தேன். அழுகையாவது ஒன்றாவது! தகரத்தைத் தட்டித் தட்டிக் கோஷம் போட்டார்கள். வண்டியே குலுங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "டிரைவரண்ணே, எங்களுக்கெல்லாம் பாஸ் இருக்கு" என்றாள். அடிபட்ட வாயோடு அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அக்கா கடைசியில் ஏறினாள். தோளில் ஒரு பெண்ணைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். அந்தப் பெண்ணின் வெள்ளைச் சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை சிவப்பு. அக்கா என் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் முன் சீட்டில் உட்கார்ந்து போனை எடுத்தார். ஏட்டு லத்தியோடு என் இடது பக்கம், இன்ஜின் மூடியை ஒட்டி நின்றார். ஸ்டேடியம் முக்கால் மணி நேரத் தூரம்.

பத்து நிமிஷம் போயிருக்காது. அந்தப் பெண் வாந்தி எடுத்தாள். அக்கா அவள் இமையைத் தூக்கிப் பார்த்தாள், இரண்டு கண்ணையும். "சார், ஒரு கண்ணுல பாப்பா பெருசாயிடுச்சு. மண்டைக்குள்ள ரத்தம் கசியுது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும், இல்லன்னா போயிடுவா."

"ஸ்டேடியத்துல டாக்டர் இருக்கார்."

"டாக்டர் என்ன பண்ணுவார் சார்? ஆபரேஷன் தியேட்டர் இருக்கா அங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்ல பத்திரிகைக்காரன் நிக்கிறான். வண்டி எங்கயும் நிக்கக் கூடாது, கதவு திறக்கக் கூடாது. மேலிடத்து உத்தரவு." அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோஷம் நின்றுவிட்டது. அக்கா என் முதுகில் கை வைத்தாள். வீட்டில் என்னை ஓயாமல் அதட்டுகிறவள், அன்று குரலே எழும்பவில்லை. "தம்பி, பெரியாஸ்பத்திரி வழியாத்தானே போகுது இந்த ரோடு?"

ஆமாம், அதன் வழியாகத்தான். நேராக உள்ளே திருப்பினால் வேலை போகும், கேஸும் வரும். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அப்போதுதான் காற்று மீட்டர் கண்ணில் பட்டது. எங்கள் வண்டிக்கு பிரேக்கும் காற்றில்தான், கதவும் காற்றில்தான். பிரேக்கை விடாமல் மிதித்து மிதித்து எடுத்தால் தொட்டியில் காற்று இறங்கும். முள் சிவப்புக்கு வந்தால் வண்டி தானாகப் பூட்டிக்கொள்ளும். யாரும் தள்ளியும் நகராது.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் எப்போதும்போல் நெரிசல். ஊர்ந்துகொண்டே மிதிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் புஸ் புஸ் என்றது. ஏட்டு குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன். காலை மட்டும் நிறுத்தவில்லை. மிதித்தேன், மிதித்தேன். முள் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்த மனுஷன் இரண்டடி நகர்ந்து, இன்ஸ்பெக்டருக்கும் என் காலுக்கும் நடுவில் அகலமாக நின்றுகொண்டார்.

காற்று குறைந்த எச்சரிக்கை மணி அலறியது. வண்டி ஒரு குலுக்கலில் நின்றது. ஆஸ்பத்திரி வாசலுக்கு நேரே, ஒரு கார் நீளம்கூடத் தள்ளி இல்லை. இன்ஜினையும் அணைத்தேன்.

"என்னய்யா அது?"

"காத்து இறங்கிடுச்சு சார். ஏறினாத்தான் நகரும்."

"கதவத் திறக்காதே."

"நான் திறக்கல சார்."

திறந்தது ஏட்டு. காற்றில்லாத கதவு, ஒரு தள்ளு தள்ளினார், மடங்கிக்கொண்டது. "ஏட்டய்யா" என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். அதற்குள் ஏட்டு லத்தியை என் இன்ஜின் மூடிமேல் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் கால்களைத் தூக்கியிருந்தார். தலைப்பக்கம் அக்கா. இருபது நர்சுகள் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று ரோடு முழுக்கக் குரல். நானும் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவசரப் பிரிவின் கதவு விரிந்து அவர்களை வாங்கிக்கொண்டது. என் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"இன்ஜினப் போடு" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் பழைய மிடுக்கு இல்லை. போட்டேன். முள் மெதுவாக ஏறத் தொடங்கியது.

மூடி அதிர்ந்ததில் ஏட்டின் லத்தி உருண்டு என் பக்கம் வந்தது. கீழே விழாமல் பிடித்தேன். நுனியில் ஈரம் இன்னும் காயவில்லை. இரண்டு நீள முடி அதில் ஒட்டியிருந்தது. அவசரப் பிரிவின் கதவைப் பார்த்தேன். அந்த மனுஷன் இன்னும் வெளியே வரவில்லை.