திறக்காத பாட்டில்

மகளைப் பள்ளிக்கு அனுப்ப ஒரு மாதமாக ஒத்திகை பார்த்திருந்தார் பிளம்பர். ஷூ மாட்டுவது, பொத்தான் போடுவது, சாப்பாட்டு டப்பாவைச் சிந்தாமல் திறப்பது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. புது ஆளைக் கண்டால் மட்டும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அதற்கு எந்த ஒத்திகையும் பலிக்கவில்லை.

முதல் நாள் காலையில் தண்ணீர் பாட்டிலை அவரே மூடினார். ஊரார் வீட்டுக் குழாயையெல்லாம் ஒழுகாமல் அடைக்கிறவர் பெற்ற பிள்ளையின் பையில் ஒரு சொட்டு கசிந்தால் ஊர் சிரிக்காதா?

மாலையில் பையைத் திறந்த மனைவி பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். தண்ணீர் ததும்பத் ததும்ப அப்படியே இருந்தது.

"குழந்தை பாட்டிலப் போயி இந்த முறுக்கு முறுக்கி வச்சிருக்கீங்களே!"

பிளம்பர் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "நாள் பூரா தண்ணியே குடிக்கலையா கண்ணு?"

"குடிச்சேனே! பக்கத்துப் பொண்ணு தெறந்து பாத்தா, முடியல. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து பாத்தாங்க. டீச்சராலயும் முடியல. வந்தவங்க எல்லாரும் அவங்கவங்க தண்ணியக் குடுத்தாங்க. இப்ப எனக்குப் பதினோரு ஃப்ரெண்டு!"

அம்மாவின் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி அப்பாவின் மடியில் வைத்தாள்.

"நாளைக்கும் நீயே மூடுப்பா. கிளாஸ்ல இன்னும் ஆறு பேரு பாக்கி."