ராகேலின் வலது கண்

ராகேலுக்கு இடது கண் சிறுவயதில் அம்மை போட்டபோதே போய்விட்டது. மிஞ்சியிருந்த வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, உடனே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் போகவில்லை. பக்கவாதத்தில் கிடந்த கணவன் இஸ்ரவேலைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், இருவேளையும் இன்சுலின் போட வேண்டும். குவைத்திலிருந்து மகள் பெமிலா போனில் கத்தும்போதெல்லாம், "போறேன் மக்களே" என்பாள்.

ஒருநாள் சிரிஞ்சின் கோடு தெரியாமல் மருந்து கூடிப்போய், இஸ்ரவேல் வேர்த்து நினைவிழந்தார். பிழைத்தது பெரிய காரியம். அதன்பிறகு பக்கத்து வீட்டு ஷிபா வந்து ஊசி போட்டாள். அவளையே வீட்டில் காவல் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி வேனில் ராகேல் தனியாக நாகர்கோவிலுக்குப் போனாள்.

கண்ணில் அழுத்தமும் இருக்கிறது, புரையை எடுத்தால்தான் உள்ளே எப்படி என்று தெரியும் என்றார்கள். ஆபரேஷன் கால்மணி நேரத்தில் முடிந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்ததும் அடுத்த கட்டில்காரி, "ஃபேன் சுத்துகது தெரியுதே!" என்று கூவினாள். ராகேலுக்கு வெளிச்சம்தான் கூடியிருந்தது. உருவம் ஒன்றும் தேறவில்லை.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "புரையை நல்லா எடுத்தாச்சும்மா. ஆனா அழுத்தத்துல நரம்பு கெட்டுப்போச்சு. முன்னாலேயே வந்திருக்கணும்."

"இனி தெரியாதா?"

"உள்ளதும் போகாம இருக்க மருந்து தாறேன்."

வீட்டுக்கு வந்ததும் இஸ்ரவேல் கேட்டார். "என்னைத் தெரியுதாட்டி?"

கட்டில்மேல் இருட்டாக ஏதோ கிடந்தது. "தெரியுது" என்றாள்.

"அப்பம் நாளைக்கு ஷிபாவக் கூப்பிடாண்டாம். நீயே போடு. உனக்க கையால போட்டாத்தான் வலிக்காது."

காலையில் ஜன்னலோரம் மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை நீட்டிப் பார்த்தாள், முகத்தோடு ஒட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி இவ்வளவு நேரம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியல்ல. இனிமேலும் தெரியாதாம்."

அவர் குழறும் நாக்கை மெல்லத் திருப்பிக் கேட்டார். "எனக்காகத்தானே நீ போவாம இருந்த?"

இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். வரவில்லை. அவர் நல்ல கையால் சுவரில் அடித்து அடித்து அழுதார். ராகேல் பக்கத்தில் போகவில்லை. சிரிஞ்சை மேசையில் வைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே பின்வாசலுக்குப் போய் ஷிபாவைக் கூப்பிட்டாள்.