தகராறு இல்லாத நாலு பெட்டி

வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடுவதாகப் பாப்பா ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். "எத்தனை நாளைக்கு?" என்று அவள் அப்பா கேட்டார். "இனிமே அவங்க வீட்டுக்குத் திரும்பிப் போகப்போறதில்லப்பா" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவளுக்கு முப்பத்துநாலு வயது. பெயர் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் எங்களுக்கு அவள் பாப்பாதான்.

போனை வைத்ததும் அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு நேராகப் போய் அவளுடைய பழைய அறைக் கதவைத் திறந்தேன். திறந்தேன் என்றால் பாதி திறந்தேன். அதற்கு மேல் திறக்காது. அவள் கல்யாணமாகிப் போன இந்தப் பத்து வருஷத்தில் அந்த அறையை நானும் அவரும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டோம். இடது பக்கம் என்னுடையது. நான் தையல்காரி, வெட்டி மிஞ்சிய துணி அங்கே மூட்டை மூட்டையாகக் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. வலது பக்கம் அவருடையது. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடாத சுவர்க்கடிகாரம் பதினொன்று, எதற்கென்று யாருக்கும் தெரியாத வயர்கள், மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, டிப்போவில் வேண்டாமென்று தள்ளிவிட்ட, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்று. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கலாம், ஆள் ஒல்லியாக இருந்தால்.

பத்து வருஷம் குடித்தனம் நடத்தியவள் லாரி பிடித்துக்கொண்டுதான் வருவாள் என்று நாங்கள் கணக்குப் போட்டோம். கட்டில், பீரோ, பாத்திரம் என்று எவ்வளவு வரும்! ஓய்ந்துபோய் வந்து நிற்கிற பெண்ணிடம் "இங்க இடமில்ல" என்று இந்த வீட்டுக் கதவுகூடச் சொல்லிவிடக் கூடாது. எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான். அன்றே, பழைய சாமானை இலவசமாக வாங்கி விற்கும் நன்கொடைக் கடைக்குப் போன் செய்து, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வேன் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

"அவங்கவங்க இஷ்டத்துக்குத் தூக்கிப் போட்டா சண்டைதான் வரும்" என்றார் டைம்கீப்பர். "ஒரு ரூல் வெச்சுக்கலாம். ரெண்டு பேரும் தலையாட்டினாத்தான் ஒரு சாமான் வெளிய போகணும்."

நானும் புத்தி கெட்டுப்போய்ச் சரி என்றேன்.

"இந்தக் கடிகாரம் ஓடாது" என்றேன் திங்கட்கிழமை.

"ஓட வைக்கலாம்."

"எப்ப?"

"நேரம் கிடைக்கிறப்ப."

மனிதர் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் முறை. என் மூட்டை ஒன்றைப் பிரித்து, கைக்குட்டை அளவு துணியை விரலால் தூக்கிப் பிடித்தார். "இதுல என்ன தைப்ப?"

"பை தைப்பேன்."

"அந்தப் பையில என்ன வைப்ப?"

உண்மையைச் சொன்னால், மிச்சத் துணியைத்தான் வைப்பேன். அதனால் மூட்டையைப் பிடுங்கிக் கட்டினேன்.

புதன்கிழமை சாயங்காலம்வரை இரண்டு தலையும் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு பொருளுக்கு. கம்பி முறிந்த குடை. அதிலும் கைப்பிடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வேன்காரர் வாசலில் நின்றார். "எங்கம்மா சாமான்?" என்று கேட்டு, என் கையிலிருந்த கைப்பிடியில்லாத குடையைப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. அப்போதுதான் எங்கள் இருவர் கண்ணும் ஒரே நேரத்தில் பாப்பாவின் அறைக்குள், கட்டிலுக்கு அடியில் போயின. அங்கே நாலு அட்டைப்பெட்டி இருந்தது. பாப்பா கல்யாணத்துக்கு முன்னால் கட்டி வைத்துவிட்டுப் போனவை. "என்ன பண்றது பாப்பா?" என்று ஒவ்வொரு தடவை கேட்கும்போதும், "அதெல்லாம் தூக்கிப் போடும்மா" என்றுதான் சொல்லியிருக்கிறாள். லாரி நிறைய வரும்போது இந்தப் பழசு எதற்கு?

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். தகராறே இல்லை. இரண்டு தலையும் ஒன்றாக ஆடின. சொந்தமாக ஒரு நூல்கூட இழக்காமல் தர்மம் செய்த பூரிப்பில் நாங்கள் காபி குடித்தோம்.

மூன்று மணிக்குப் பாப்பா போன் செய்தாள். காலை எட்டு மணிக்கு வந்துவிடுவாளாம்.

"லாரி எத்தன மணிக்கு வரும்?" என்றேன்.

"எந்த லாரி? ஒரு பைதான்மா. எதைத் தொட்டாலும் மாமியார் வீட்ல 'இது நாங்க வாங்கினது'ன்னு சொன்னாங்க. போங்கன்னு விட்டுட்டேன். என்னோட நாலு பெட்டி நம்ம வீட்ல இருக்குல்ல? அது ஒண்ணுதான் முழுசா என்னோடது. அது போதும்மா."

"இருக்கு கண்ணு, பத்திரமா இருக்கு" என்றேன். இவ்வளவு சரளமாக எனக்குப் பொய் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போனை வைத்துத் திரும்பினால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். "அஞ்சு மணிக்குக் கடைய மூடிடுவாங்க" என்றார்.

ஓடினோம். இரண்டு தெரு தள்ளித்தான் கடை. முப்பது வருஷம் பஸ்கள் தாமதமாக வந்ததை நின்ற இடத்திலேயே நின்று எழுதிய மனிதர், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். எனக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டில் எதற்கும் நேரமில்லை.

கடையை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற நர்ஸ். எல்லோருக்கும் நர்ஸம்மா. வந்த சாமான்களை ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் மூன்று மேஜையில் பிரித்துப் போடுவார். ஒன்றுக்கு மேல் "பிழைக்கும்" என்று எழுதியிருந்தது. அடுத்தது "பார்க்கலாம்". மூன்றாவது, குப்பைக்குப் போக வேண்டியது, "வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடுங்க". பாப்பாவின் பெட்டிகளைப் பிரித்து முடித்திருந்தார். நீச்சல் மெடல்கள் பிழைத்திருந்தன. மழைக்கோட்டு பார்க்கலாமில் கிடந்தது. அவள் கையெழுத்துள்ள நோட்டுகள் எல்லாம் மூன்றாவது மேஜைக்குப் போய்விட்டிருந்தன.

"குடுத்தது குடுத்ததுதான்" என்றார் நர்ஸம்மா. "திருப்பித் தர ஆரம்பிச்சா கடை நடத்த முடியாது. தினமும் ஒருத்தர் அழுதுக்கிட்டு வராங்க."

நான் நடந்ததை அப்படியே சொன்னேன். பெண் வருகிறாள், ஒரு பையோடு வருகிறாள், இது ஒன்றுதான் அவளுடையது என்றேன். நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் ஆள் கறார். "நாலு பெட்டி போனா நாலு பெட்டி வரணும். அஞ்சு மணிக்குள்ள."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கடிகாரம்" என்றார் அவர்.

"துணி" என்றேன் நான்.

மறுபடியும் ஓட்டம். அந்தச் சக்கர நாற்காலியின் மேல் மூட்டையையும் கடிகாரங்களையும் அடுக்கி, அவர் தள்ள, நான் பிடிக்க, தெருவே நின்று பார்த்தது. நர்ஸம்மா ஒரு கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கேட்டார். "ஓடலியே?"

"ஓட வைக்கலாம்" என்றேன் நான். டைம்கீப்பர் என்னை நன்றியோடு பார்த்தார். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வையை நான் நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன்.

நாலு பெட்டியோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் நிறுத்தவில்லை. வயர், டப்பா, மூடி என்று கொண்டுவந்துகொண்டே இருந்தார். அவரே நிறுத்தாதபோது நான் எப்படி நிறுத்துவது? எனக்கும் ரோஷம் இருக்கிறது. கடைசி மூட்டைவரை கொண்டுவந்து கொட்டினேன். கடைசியில் நாற்காலியையும் அங்கேயே விட்டோம்.

எல்லாவற்றையும் பொறுக்கிப் பெட்டியில் போட்ட பிறகு ஒன்று குறைந்தது. ஒன்பதாம் வகுப்பில் பாப்பா மதில் ஏறிக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டபோது போட்ட மாவுக்கட்டு. வகுப்பே அதில் கையெழுத்துப் போட்டிருந்தது, அதனால் அவள் எறிய விடவில்லை. தேடினால், பூக்கடைக்காரி ஒருத்தி அதை நிமிர்த்திப் பிடித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். "காஞ்ச பூ வெச்சா நல்லா இருக்கும்" என்றாள்.

"அது எங்க பொண்ணோட காலு!" என்று கத்தினார் டைம்கீப்பர்.

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூக்கடைக்காரி அதை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

பெட்டிகளை வேன்காரரே எங்கள் வீட்டில் இறக்கினார். "நாளைக்கும் வரணுமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காலையில் பாப்பா வந்தாள். இளைத்திருந்தாள். ஒரே ஒரு பை. அறைக் கதவு முழுசாகத் திறந்தது. கட்டில், ஜன்னல், நாலு பெட்டி, அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு பெயர்களைப் படித்தாள்.

"இவ்வளவு நாள் எப்படிம்மா பத்திரமா வெச்சிருந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "வெச்சிருக்கல பாப்பா. நேத்து காலைல தூக்கிக் குடுத்துட்டோம்."

இந்த மனிதருக்கு ஒரு விஷயம் வயிற்றில் தங்காது. முறைத்தேன், பலனில்லை. குடை முதல் பூக்கடைக்காரிவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பாப்பா கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓடினீங்களா? ரெண்டு பேருமா?"

"உங்கப்பா முன்னாடி, நான் பின்னாடி" என்றேன்.

"நடுத்தெருவுலயா?"

"பேன்ட்டப் பிடிச்சுக்கிட்டு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மாவுக்கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எங்களுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், அவள் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள், கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. நானும் அவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்தோம்.

"நான் அங்கேருந்து கிளம்பறப்ப" என்றாள் பாப்பா, "யாரும் வாசல் வரைக்கும்கூட எழுந்து வரலம்மா."