கயிற்றின் இந்தப் பக்கம்

கருணாகரனை எனக்குப் பிடிக்காது. எங்கள் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்க ஒரு மிதவை பம்ப் உண்டு. அதற்குப் போய்வரும் சின்னப் படகில் நாங்கள் இருவரும்தான் வேலை. அவன் பர்மனென்ட், டவுன்ஷிப் பிளாக்கில் கம்பெனி குவார்ட்டர்ஸ். நான் கான்ட்ராக்ட். வேலை ஒன்று, மரியாதை வேறு. பற்றிக்கொண்டு வராதா?

2015 மழையில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் பல ஊர்கள் தீவாகிவிட்டன. தலைப்பிரசவத்துக்கு அங்கே அம்மா வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி இசைப்பிரியா, ஷிப்டில் இருந்த எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, வலி எடுத்துக்கினு இருக்குது. ரோட்டுக்கு வர வழியே இல்ல."

நான் பதறி நின்றேன். கருணாகரன் போய் அதிகாரியிடம் பேசினான். கொஞ்ச நேரத்தில் படகு லாரியில் ஏறிவிட்டது. நான் கேட்டிருந்தால் 'நீ யாருப்பா' என்றிருப்பார்கள். நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு வயிறுதான் எரிந்தது.

தண்ணீர் ஓரத்தில் படகை இறக்கியபோதுதான் இருவரும் விழித்தோம். துடுப்பு இல்லை. சுரங்கத்தில் கரைக்கும் பம்புக்கும் நடுவே கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்தே போய்வந்தவர்கள் நாங்கள். துடுப்பு என்று ஒன்று வேண்டும் என்பதே இருவருக்கும் தோன்றவில்லை. நல்ல வேளை, உபரிக் கயிறு படகிலேயே சுருண்டு கிடந்தது. ஒரு நுனியை லாரியில் கட்டிவிட்டு, மறுநுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நான் நீந்தினேன். ஊர்ப் பக்கம் கரண்ட் நின்றுபோயிருந்த ஒரு கம்பத்தில் கட்டினேன். அந்தக் கயிற்றைப் பிடித்துக் கருணாகரன் படகைக் கொண்டுவந்தான். ஜனம் மொத்தமும் படகைத்தான் பார்த்தது. நீந்தியவனை எவன் பார்த்தான்?

இசைப்பிரியாவும் மாமியாரும் ஏறினார்கள். படகு மூன்று பேருக்குமேல் தாங்காது.

"எறங்குங்க சார். எம் பொண்டாட்டிய நானே இட்டுக்கினு போறேன்."

அவன் இறங்கினான். நான் ஏறி ஆத்திரத்தோடு இழுத்தேன். படகு வெடுக்கென்று சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

"நீ இழுத்தா குலுங்குது மாமா," இசைப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அவரே இழுக்கட்டும்."

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இறங்கினேன். கருணாகரன் மறுபடி ஏறினான். அவன் கைக்குப் படகு வழுக்கிக்கொண்டு போனது.

படகு பாதி வழி போனபோது, ஊர்ப் பக்கம் ஊறிய மண்ணில் கம்பம் சாயத் தொடங்கியது. கரையில் நின்றவர்கள் கண்ணெல்லாம் படகின் மேல். கயிற்றை முதுகில் சுற்றி, கழுத்தளவு தண்ணீரில் காலை ஊன்றி நின்றேன். விட்டால் மூவரும் வெள்ளத்தோடு போவார்கள். எரிச்சலோடுதான் பிடித்தேன். ஆனால் விடவில்லை.

படகு கரை சேர்ந்ததும், ரோட்டில் காத்திருந்த ஆம்புலன்ஸின் கதவைச் சாத்துவது தெரிந்தது. அதற்குப் பிறகு யாரும் என் பக்கம் திரும்பவில்லை. வெகுநேரம் கழித்துக் கருணாகரன் மட்டும் படகில் வந்தான். சட்டையெல்லாம் சேறு, முகமெல்லாம் பல்.

"நெடுமாறா, பொம்பளப் பிள்ள. வண்டி கெளம்புறதுக்குள்ள உள்ளயே பொறந்துட்டா. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. நர்ஸம்மா என் கையிலதான் மொதல்ல தந்தாவ."

போன உயிர் திரும்பி வந்தது. அழுகை வந்தது. கூடவே அந்தப் பாழாய்ப்போன எரிச்சலும் வந்தது. என் மகளை எனக்கு முன்னால் பார்த்தவன் இவன். தூக்கியவனும் இவன்.

படகில் ஏறி உட்கார்ந்தேன். பாதி தூரம் போனதும் தாங்க முடியாமல் அவனிடமே கேட்டேன்.

"யாரு மாதிரி இருக்கா, சார்?"