வெண்ணெயக்காவின் எண்ணெய் கேக்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கேக் செய்ய வராது என்பதை அந்தக் குடியிருப்பே மூக்கால் தெரிந்துவைத்திருந்தது. கருகல் வாடை கிளம்பியதும், "அண்ணன் ஆரம்பிச்சுட்டாரு" என்று கீழ்வீட்டு டெய்லரம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

பாவம், மனிதர் பொழுதுபோகாமல் இறங்கிய வேலை இல்லை அது. அவர் மனைவிக்கு நெஞ்சுவலி வந்து, அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார். "வெண்ணெயைக் குறைச்சுக்கங்க" என்றுதான் டாக்டர் சொன்னார். மெக்கானிக்குக்கு அரைகுறை வேலை பிடிக்காது. ஃப்ரிட்ஜில் இருந்த வெண்ணெய்க் கட்டிகளை மொத்தமாக அள்ளி டெய்லரம்மாவிடம் கொடுத்துவிட்டார். அதோடு விட்டாரா? லிஃப்டைத் திறந்து வேலை பார்க்கும்போது மாடிக்கு மாடி தொங்கவிடுகிற மஞ்சள் போர்டு ஒன்றைக் கொண்டுவந்து சமையலறைக் கதவிலும் மாட்டினார். 'பழுது. உபயோகிக்காதீர்.' அவள் உள்ளே போய் உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதாம். தன் சாமர்த்தியத்தை மெச்சித் தானே சிரித்துக்கொண்டார். அவள் சிரிக்காததைக் கவனித்திருக்கலாம்.

அவளை அக்கம்பக்கத்தில் எல்லாரும் வெண்ணெயக்கா என்பார்கள். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் அவள் கையால்தான். வெண்ணெயில் கஞ்சத்தனம் பார்க்க மாட்டாள். பேச்சிலும் அப்படியே, வாய் ஓயாது. அப்பேர்ப்பட்டவள் இப்போது கூடத்து நாற்காலியே கதி என்று கிடந்தாள். சூப் கொடுத்தால் நாலு வாயோடு "போதும்" என்றாள். கன்னம் ஒட்டிப்போனது. வெண்ணெய் இல்லாத கேக் ஒன்றைச் செய்து, அதில் ஒரு துண்டை அவள் ஆசையாகத் தின்றுவிட்டால் போதும், பழையபடி ஆகிவிடுவாள் என்று மெக்கானிக் நம்பினார்.

முதலில் வாழைப்பழத்தை மசித்துப் போட்டார். டயரில் வெட்டி எடுத்தது போல வந்தது. அடுத்து, மூடியில் இதயம் படம் போட்ட செயற்கை வெண்ணெய் டப்பா ஒன்றை வாங்கினார். உள்ளே மஞ்சளாக வெண்ணெய் மாதிரியே இருந்தது. வாசனை மட்டும் அவர் கம்பிகளுக்குத் தடவுகிற கிரீஸை ஞாபகப்படுத்தியது. இரண்டு கேக்கையும் அவள் கண்ணில் படாமல் அவரே தின்று தீர்த்தார். அவள் இளைக்க இளைக்க இவர் தொப்பை வளர்ந்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெயில் இறங்கினார். அவள் வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது அது வெளுத்து, பஞ்சு மாதிரி பொங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதானே? அடித்தார். மிக்ஸர் சூடேறி நின்றதும் கரண்டியால் அடித்தார். கை மாற்றி அடித்தார். எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. சர்க்கரை அடியில் மணலாகக் கிடந்தது.

"என்னங்க பண்றீங்க?"

திரும்பினார். வெண்ணெயக்கா சமையலறை வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"வெளுக்கணும்ல, அதான் அடிக்கிறேன்."

"விடிய விடிய அடிச்சாலும் அது வெளுக்காது. வெண்ணெய்தான் காத்தைப் புடிச்சு வச்சுக்கும். எண்ணெய் புடிக்காது."

அவள் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி எவ்வளவு நாளாயிற்று! மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்தது.

"அப்ப என்ன பண்றது? உள்ள வந்து சொல்லேன்."

"நான் எதுக்கு வரணும்? நான்தான் பழுதாச்சே."

"என்னம்மா இது?"

"போர்டு மாட்டியிருக்கீங்கள்ல. என்னைப் பார்க்க வர்றவங்கெல்லாம் அதைப் படிச்சுட்டுத்தான் உள்ள வர்றாங்க. வெண்ணெயைத் தூக்கிக் குடுத்த மாதிரி என்னையும் யாருக்காவது தூக்கிக் குடுத்துடுங்களேன்."

மெக்கானிக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எனக்குப் பயம்மா" என்றார். "அன்னைக்கு நீ இங்கதானே விழுந்த. இதோ, இந்த இடத்துல. இன்னும் நான் இதை மிதிக்காமத்தான் சுத்திப் போறேன். ஏழு மாடி மேல கம்பியைப் புடிச்சுத் தொங்குறப்பகூட எனக்குக் கை நடுங்குனதில்ல. உனக்கு ஒண்ணுன்னா நான் எங்க போய் நிப்பேன்?"

அவள் போர்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"எங்கயும் போக வேண்டாம், இங்கயே நில்லுங்க. முட்டையை எடுங்க."

ஓடிப்போய் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அவள் உட்கார்ந்துகொண்டு முட்டையோடு சர்க்கரையைச் சேர்த்துக் கையாலேயே நிதானமாக அடித்தாள். மூச்சு வாங்கினால் நிறுத்தி, மறுபடி அடித்தாள். அவர் பதறிக் கரண்டியைப் பிடுங்கப் பார்த்தபோது முறைத்தாள். கொஞ்ச நேரத்தில் கலவை வெளுத்து நுரைத்தது.

"இதுல காத்தை முட்டை புடிக்கும்" என்றாள். அவர் எண்ணெயைக் கவிழ்க்கப் போக, மணிக்கட்டைப் பிடித்தாள். "வெண்ணெய் அளவுக்கு எண்ணெய் ஊத்துவாங்களா? முக்கால் போதும். வெண்ணெய்ல தண்ணியும் இருக்கு, இதுல அது கிடையாது."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நெஞ்சுவலிக்காரங்களுக்குப் பிறந்தநாள் வராதா? எத்தனை பேருக்குச் செஞ்சு குடுத்திருக்கேன். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மெக்கானிக் மாவைச் சலித்தார். அவரால் அப்போதைக்கு முடிந்தது அதுதான்.

கேக் உப்பி, மேலே லேசாக வெடித்து வந்தது. ஆறியதும் வெண்ணெயக்கா ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். கண்ணை மூடி மென்றாள். மெக்கானிக் அவள் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"வெண்ணெய் இல்லாதது தெரியுது" என்றாள்.

அவர் முகம் தொங்கிவிட்டது.

"நான் செஞ்சதுன்னும் தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை இன்னும் பெரிதாக வெட்டிக்கொண்டாள்.